வியாசர்பாடி மாடிக்கு மயாமி வந்த வழி

கேட்டவர் பெரம்பூர்க்காரர். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "என் சித்தி மகனுக்கு 22 வயது. தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லிவிட்டான். சித்தி அவனை ஒரு ஜெபவீட்டில் 21 நாள் உபவாசத்துக்கு உட்கார வைத்திருக்கிறார். அமெரிக்காவில் கிறிஸ்தவ அமைப்புகள் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளை எதிர்த்துப் போராடியதைப் படித்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? அந்த இயக்கங்கள் உண்மையில் எவ்வளவு தூரம் சாதித்தன?"

தொடர்பு உண்டு. அதைச் சொல்ல லண்டன், மயாமி, சிங்கப்பூர் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் வியாசர்பாடிக்கு வரமுடியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். ஞாயிறு பள்ளி, பாடகர் குழு எல்லாம் பார்த்தவன். பிறகு பதினோரு வருடம் எச்.ஐ.வி. தடுப்பு வேலையில் கவுன்சிலராகக் காசிமேடு, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு என்று சுற்றினேன். சபைக்காரர்கள் பேசுவதும் எனக்குப் புரியும், சபையிலிருந்து ஓடிவந்த பையன்கள் பேசுவதும் புரியும்.

முதலில் நம் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவுக்கு வேர் 1533இல் இருக்கிறது. அதுவரை இங்கிலாந்தில் இது மதக் குற்றம், சர்ச் நீதிமன்றத்தின் விவகாரம். எட்டாம் ஹென்றி போப்பை உதறிவிட்டுச் சர்ச்சின் அதிகாரங்களைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது, இந்தப் பாவமும் அரசாங்கக் குற்றமாகி, தூக்குத் தண்டனையும் சேர்ந்தது. முந்நூறு வருடம் கழித்து மெக்காலே இந்தியாவுக்குச் சட்ட வரைவு எழுதும்போது, இந்த அசிங்கத்தைப் பற்றிப் பொதுவில் விவாதம் வருவதே வேண்டாம் என்று சொல்லி விளக்கம் தராமலே நகர்ந்துவிட்டார். 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுள் வரை தண்டனை. பிரான்சு இந்தக் குற்றத்தைத் தன் சட்டத்திலிருந்து 1791லேயே எடுத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே 377 பழைய கிறிஸ்தவ ஒழுக்கத்தின் மிச்சம். அதைக் கொண்டுவர யாரும் ஊர்வலம் போகவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. நீங்கள் கேட்கும் 'இயக்கம்' என்கிற சமாச்சாரம் இன்னும் நூறு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் வருகிறது.

அது மயாமியில் தொடங்கியது. 1977 ஜனவரியில் அந்த ஊர் அடங்கிய டேட் கவுன்டி நிர்வாகம் ஒரு சின்ன விதி போட்டது: தன்பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையோ வாடகை வீடோ மறுக்கக்கூடாது. அவ்வளவுதான். திருமணம் என்ற பேச்சே அன்று இல்லை. அனிதா பிரயன்ட் என்ற பாடகி, முன்னாள் அழகிப் போட்டி ராணி, ஃபுளோரிடா ஆரஞ்சு ஜூஸ் விளம்பரத்தில் தினமும் டிவியில் வருகிறவர், பாப்டிஸ்ட் சபைக்காரர், எதிர்த்துக் கிளம்பினார். இயக்கத்துக்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'நம் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்'. வேதவசனம் அந்தப் பெயரில் இல்லை. அவர் வாதம் இது: இவர்களுக்குப் பிள்ளை பிறக்காது, அதனால் உங்கள் பிள்ளைகளை ஆள் சேர்ப்பார்கள். கையெழுத்து வாங்கி, பொதுவாக்கெடுப்பு கொண்டுவந்து, ஜூன் 7ஆம் தேதி கிட்டத்தட்ட 69 சதவீத வாக்கில் அந்த விதியை ரத்து செய்தார்கள். அது திரும்பி வர 1998 ஆனது. இருபத்தோரு வருடம்.

என்னைக் கேட்டால் மொத்தக் கதையும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பாவம் என்று சொன்னால் சபைக்குள் இருப்பவர் மட்டும் கேட்பார். பிள்ளை என்று சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும். கோயிலுக்குப் போகாதவர், சாமியே கும்பிடாதவர் எல்லாரும் ஓட்டுப் போடுவார்கள். பயத்தைக் கிளப்பும் இந்த உபாயத்தை அன்றைக்குக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் அது மதம் மாறி, நாடு மாறி, மொழி மாறி ஓடிக்கொண்டே இருக்கிறது.

அமெரிக்கக் கதையின் மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருடமே வேறு மூன்று ஊர்களில் இதே மாதிரி விதிகள் கவிழ்ந்தன. கலிபோர்னியாவில் மட்டும், தன்பாலீர்ப்பு ஆசிரியர்களைப் பள்ளியிலிருந்து நீக்கும் தீர்மானம் தோற்றது. அதை எதிர்த்தவர்களில், பின்னால் பழமைவாதிகளின் அதிபரான ரொனால்ட் ரீகனும் ஒருவர் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மயாமியில் பிரயன்ட் பக்கம் நின்ற பிரசங்கி ஜெர்ரி ஃபால்வெல் 1979இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். சபை நாற்காலி ஓட்டு வங்கியானது. 1996இல் ஒரே பாலினத் திருமணத்தை மத்திய அரசு ஏற்காது என்ற சட்டம். 2004 நவம்பர் 2ஆம் தேதி ஒரே நாளில் 11 மாநிலங்களில் திருமணத் தடை. 2008இல் கலிபோர்னியாவில், மார்மன் சபையும் கத்தோலிக்க ஆயர்களும் கைகோத்து, 52 சதவீதத்தில் இன்னொரு தடை. 1996 சட்டத்தின் முக்கியப் பகுதியும் கலிபோர்னியாத் தடையும் 2013இல் விழுந்தன. மிச்சமிருந்த மாநிலத் தடைகளை 2015 ஜூன் 26ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது.

அப்படியென்றால் தோற்றுவிட்டார்களா? திருமணத்தைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு தலைமுறைக் காலம் தள்ளிப்போட்டார்கள். எய்ட்ஸ் கொன்றுகொண்டிருந்த 80களும் 90களும் அந்தக் காலத்துக்குள்தான் வருகின்றன. சட்டப்படி துணை இல்லாததால், சாகக் கிடப்பவரின் கட்டில் பக்கத்தில் நிற்கக்கூட அனுமதி கிடைக்காத ஆட்களின் காலம் அது. தோற்ற பிறகு வாதத்தையும் மாற்றிக்கொண்டார்கள். இப்போது 'எங்கள் மனசாட்சிக்கு விரோதமாக எங்களைக் கட்டாயப்படுத்தாதே' என்பதுதான் பேச்சு. திருமண கேக் செய்துதர மறுத்தவர் 2018இலும், திருமண வெப்சைட் செய்துதர மறுத்தவர் 2023இலும் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். இரண்டு பேருக்கும் வாதாடியது 1990களில் உருவான ஒரே கிறிஸ்தவ வக்கீல் அமைப்புதான்.

இந்த இயக்கத்தைக் கறுப்பாக மட்டும் வரைந்தால் அது பொய்யாகும். 2003இல் புஷ் அரசு எய்ட்ஸுக்காக ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர் ஒதுக்கியபோது அதற்குப் பின்னால் உந்துதலாக நின்றவர்களில் இதே இவாஞ்சலிக்கல் (சுவிசேஷம் பரப்பும்) கிறிஸ்தவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர் பிழைத்தது அந்தப் பணத்தில். அதே சட்டத்தில், தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கு 'கல்யாணம் வரை ஒழுக்கம்' பிரசாரத்துக்கே போகவேண்டும் என்று எழுதி வைத்ததும் அதே அழுத்தம்தான். மருந்து கொடுத்த கையும் ஆணுறையை ஒளித்த கையும் ஒரே கை. தெருவில் ஆணுறை பெட்டி தூக்கித் திரிந்தவன் என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்லத் தோன்றுகிறது.

இந்த இயக்கத்தின் ஏற்றுமதி என்றால் எல்லாரும் உகாண்டாவைச் சொல்வார்கள். 2009 மார்ச்சில் கம்பாலாவில் ஸ்காட் லைவ்லி போன்ற அமெரிக்கப் பிரசங்கிகள் கருத்தரங்கு நடத்தினார்கள். அக்டோபரில் அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு மசோதா வந்தது. 2014இல் சட்டமாகி, அதே வருடம் நீதிமன்றத்தில் விழுந்து, 2023இல் சில சந்தர்ப்பங்களுக்கு மரண தண்டனையோடு மறுபடி எழுந்தது. நமக்குப் பக்கத்து உதாரணம் சிங்கப்பூர். நம் தெருவிலேயே வீட்டுக்கு ஒருவர் அங்கே வேலைக்குப் போனவர் இருப்பார். அங்கே 'அவேர்' என்று ஒரு பழைய பெண்கள் அமைப்பு. 2009 மார்ச்சில் அதன் ஆண்டுக் கூட்டத்துக்குப் புதிதாக உறுப்பினர்கள் வந்தார்கள், தேர்தலில் நின்றார்கள், நிர்வாகத்தைப் பிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர்களில் பலர் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் என்பது வெளியே தெரிந்தது. அந்த அமைப்பு பள்ளிகளில் நடத்திய பாலியல் கல்வி வகுப்பில் தன்பாலீர்ப்பைத் தப்பென்று சொல்லவில்லை என்பதுதான் அவர்களுடைய கோபம். மறுபடியும் பிள்ளைகள்! மே 2ஆம் தேதி அவசரக் கூட்டம். சுமார் 3,000 பேர் வந்து வரிசையில் நின்றார்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு 1,414 ஓட்டு, எதிராக 761. புதிய நிர்வாகம் வீட்டுக்குப் போனது. ஆனால் பள்ளிகளில் அந்த வகுப்பும் நின்றுபோனது. தோற்றாலும் எதையாவது பிடுங்கிக்கொண்டு போவது என்று இதைத்தான் சொல்கிறேன். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை அங்கே நாடாளுமன்றம் 2022இல்தான் நீக்கியது. போகும்போதே, திருமணத்தின் இலக்கணத்தைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்திவிட்டார்கள்.

இனி இந்தியா. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6 சொச்சம், சென்னையில் 7.7. பொதுவாக்கெடுப்பு என்கிற வழக்கமும் இங்கே கிடையாது. மயாமி செய்ததைச் செய்ய ஆளும் இல்லை, கருவியும் இல்லை. அதனால் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 ஜூலை 2ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் 377ஐ வயதுவந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்றபோது மத்திய அரசு மேல்முறையீடு செய்யவில்லை. மேல்முறையீடு செய்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. ஒரு ஜோதிடர், அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், நம் ஊர் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம், கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா, அப்புறம் அப்போஸ்தலிக் சர்ச்சஸ் அலையன்ஸ், உத்கல் கிறிஸ்டியன் கவுன்சில், டிரஸ்ட் காட் மிஷனரீஸ். மனுவைக் கொண்டாடுகிறவரும் மிஷனரியும் மௌலவியும் ஒரே பக்கம் நின்று, எட்டாம் ஹென்றியின் சட்டத்தை 'இந்தியக் கலாசாரம்' என்று காப்பாற்றிய காட்சி வேறெங்கே கிடைக்கும்? 2013 டிசம்பர் 11ஆம் தேதி அவர்கள் ஜெயித்தார்கள். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, கிறிஸ்தவ அமைப்புகள் மறுபடி இடையீடு செய்தும், ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் திருப்பிப் போட்டார்கள்.

ஆக, கோர்ட்டைப் பொறுத்தவரை இந்தியாவில் கிறிஸ்தவப் பழமைவாதத்தின் பங்கு பல பங்குகளில் ஒன்று. அதன் முழு பலத்தைப் பார்க்கவேண்டுமென்றால் கோர்ட்டை விட்டுவிட்டு வீட்டு மாடிக்கு ஏறவேண்டும்.

வடசென்னையில் கிறிஸ்தவம் நேற்று வந்ததல்ல. ராயபுரம் என்ற பெயரே ராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து வந்தது. அவருக்கு அங்கே கோயில் கட்டியவர்கள் படகோட்டிகள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன் என்று பழைய சபைகளில் இந்த விஷயம் பிரசங்கத்தில் வருவதே அபூர்வம். என் இருபது வருட ஞாயிறுகளில் ஒரே ஒருமுறை கேட்டேன், அதுவும் ஐயர் (எங்கள் சபைக் குருவை அப்படித்தான் கூப்பிடுவோம்), பாவத்துக்காகக் கடவுள் எரித்த சோதோம் கொமோரா ஊர்களின் கதையை வாசித்துவிட்டு இருமலோடு அடுத்த அதிகாரத்துக்குத் தாவிய கதை. வேலை நடக்கும் இடம் ஆவிக்குரிய சபை என்று சொல்லப்படும் சின்ன ஜெபவீடுகள். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். கீழே குடித்தனம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட மாடி, ஒரு கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள்.

அங்கே போகிற அம்மாக்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. புருஷன் குடித்துவிட்டு அடிக்கும் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறப்பவர் பாஸ்டர் ஒருவர்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் பார்க்க வருகிறவரும் அவர்தான். பெரிய கோயிலில் கடைசி வரிசை மட்டுமே கிடைத்த குடும்பத்துக்கு, மாடி சபையில் மைக் கிடைக்கிறது. இப்படி ஒரு இடத்தைத்தான் மகனுக்கு 'ஏதோ ஆயிடுச்சு' என்று பயந்த அம்மா நம்பிப் போகிறார். வேறு எங்கே போவார்? மனநல மருத்துவர் என்றாலே நம் ஊரில் 'கீழ்ப்பாக்கம்' என்றுதான் அர்த்தம். 1794இல் தொடங்கிய ஆஸ்பத்திரியின் பேரை இன்றும் வசவாகத்தான் வைத்திருக்கிறோம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஆளையும் சபையையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். 2011இல் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையன், பர்மா பஜாரில் செல்போன் கடையில் வேலை. அவன் அம்மா கூப்பிட்டார் என்று அந்த ஜெபவீட்டு மாடிக்குப் போனேன். விடுதலை ஜெபம் என்று பெயர். நடுவில் அவன் மட்டும் நிற்கிறான், சுற்றிலும் வெள்ளைச் சேலை அம்மாக்கள் பதினைந்து பேர். பாஸ்டர் கையில் சின்ன ஒலிவ எண்ணெய்ப் பாட்டில். 'அசுத்த ஆவியே' என்று தொடங்கி, ஆவி பேசவைப்பதாகச் சொல்லும் அந்நிய பாஷையில் ஏறி, அவன் நெற்றியில் எண்ணெய் தடவிய உள்ளங்கையை வைத்து அழுத்துகிறார். கீபோர்டுக்காரர் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நாற்பது நிமிடம். கடைசியில் பையன் சரிந்து விழுந்தான், அல்லேலூயா என்று மாடியே அதிர்ந்தது, அம்மா அழுதார், எனக்கே ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது. அன்று ராத்திரி மூலக்கொத்தளம் பக்கம் டீக்கடையில் அவனைக் கேட்டேன். "வுயலன்னா வுட மாட்டாங்கண்ணா, அதான் வுயுந்துட்டேன்" என்றான். அதற்குப் பிறகு மூன்று முறை விழுந்திருக்கிறான். நான்காவது முறை விழவில்லை, சாப்பாடு இல்லாமல் நிஜமாகவே மயங்கிவிட்டான். பயந்துபோய் நிறுத்தினார்கள்.

அந்தப் பாஸ்டர் கெட்டவர் அல்லர். ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவர் மேசையில் ஒரு துண்டுப்பிரசுரம் இருந்தது, ஏதோ ஆங்கிலப் பிரசுரத்தின் தமிழாக்கம், வாக்கியங்களே காட்டிக்கொடுத்தன. தன்பாலீர்ப்பு என்பது அப்பாவின் அன்பு கிடைக்காததால் வரும் காயம், ஜெபமும் ஆலோசனையும் சேர்ந்தால் மாறும், மாறியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. நீங்கள் கேட்ட தொடர்பு இதுதான். 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய 'எக்சோடஸ் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு முப்பத்தேழு வருடம் விற்ற சரக்கு இது. 1973லேயே அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை எடுத்துவிட்டது. அந்த முடிவில் பெரும் பங்கு வகித்த ராபர்ட் ஸ்பிட்சரே 2003இல், சிலர் மாறுகிறார்கள் என்று ஓர் ஆய்வு வெளியிட்டபோது இவர்களுக்குத் தீபாவளி. 2012இல் அந்த ஆய்வு தப்பு என்று அவரே மன்னிப்புக் கேட்டார். 2013 ஜூனில் எக்சோடஸ் தலைவர் ஆலன் சேம்பர்ஸும் மன்னிப்புக் கேட்டுக் கடையை மூடினார். மூடிய செய்தி மட்டும் அந்த மாடிக்கு வந்து சேரவில்லை. துண்டுப்பிரசுரம் வந்த வேகத்தில் மன்னிப்பு வருவதில்லை.

இன்னொன்று: அந்தச் சரக்கு இங்கே வந்ததும் உருமாறிவிட்டது. அங்கே கவுன்சிலிங், குழு உரையாடல், நோட்டுப் புத்தகம். இங்கே ஆவி ஓட்டுதல். அப்பா அன்பு, காயம் என்கிற பாதி அப்படியே பிரசுரத்தில் கிடக்க, நம் ஊர்ப் பேயோட்டும் மரபு மீதிப் பாதியை எடுத்துக்கொண்டது. ஜெபம் செய்கிறவரைக் கேட்டால் முழுக்க வேதத்தில் இருப்பது என்பார்.

சரி, வேதத்தில் என்ன இருக்கிறது? லேவியராகமம் 20:13, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6 எல்லாம் உண்டு, இல்லையென்று நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நம் தமிழ் மொழிபெயர்ப்பையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொரிந்தியரில் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர்கள் பட்டியலில் 'சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்' என்று வருகிறது. முதல் சொல்லுக்கு மூலத்தில் இருப்பது 'மென்மையானவர்' என்ற அர்த்தமுள்ள கிரேக்கச் சொல். ஆங்கிலத்தில் 1946இல் ஒரு புது மொழிபெயர்ப்பு இரண்டு சொல்லையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்' என்று போட்டது. தமிழில் ஒன்று வேறு திசைக்குப் போய்விட்டது. தமிழ்ப்படி வாசித்தால் விடுதலை ஜெபத்துக்கு வரிசையில் நிற்கவேண்டியவர்கள் எண்ணிக்கை மாடி தாங்காது. அதே பட்டியலில் பொருளாசைக்காரரும் உண்டு. அவர்களுக்கு யாரும் எண்ணெய் தடவிப் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. ஏசாயா 56இல் அண்ணகன், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவன், தன்னைப் 'பட்டமரம்' என்று சொல்லவேண்டாம் என்கிறார் கர்த்தர். அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியர் மூலத்தில் ஓர் அண்ணகர். நம் பழைய தமிழ் வேதத்தில் அவர் 'மந்திரி' ஆகிவிட்டார்! ஞாயிறு பள்ளியில் மந்திரி என்றே படித்து வளர்ந்தவன் நான். முப்பது வயதுக்கு மேல்தான் விஷயம் தெரிந்தது. இந்த இரண்டு பகுதிகளையும் கையில் எடுத்துக்கொண்டுதான் சில சபைகள் திருநங்கைகளுக்குக் கதவைத் திறந்தன. தமிழ்நாட்டில் 2008இல் நல வாரியம் வந்ததும், 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்ததும் உதவின. திருநங்கைக்குக் கேக் வெட்டும் கிறிஸ்துமஸ் விழா இன்று வடசென்னையில் அதிசயம் இல்லை. அதே சபையில் கோத்தி (பெண்மைச் சாயல் உள்ள, ஆண்களை விரும்பும் ஆண்) என்றோ கே என்றோ ஒரு பையன் வாய் திறக்க முடியாது. திருநங்கை 'பிறவி' என்றும் தன்பாலீர்ப்பு 'செயல்' என்றும் மனசுக்குள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவம் என்றாலே இந்த ஒரு முகம்தான் என்றும் நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் 1967இல் தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்று சட்டம் வந்ததற்குப் பாதை போட்டவர்களில் இங்கிலாந்துச் சபையின் பாதிரியார் டெரிக் ஷெர்வின் பெய்லி ஒருவர். கான்டர்பரி பேராயர் மைக்கேல் ராம்சே பிரபுக்கள் சபையில் எழுந்து, பாவம் வேறு குற்றம் வேறு என்ற நிலையில் ஆதரித்தார். இங்கிலாந்துச் சபை வழிவந்த அதே ஆங்கிலிக்கன் உலகம், அதன் ஆயர்கள் கூடிய 1998 லாம்பெத் மாநாட்டில் 526க்கு 70 என்ற கணக்கில் எதிர்நிலை எடுத்தது. ஆப்பிரிக்க, ஆசிய ஆயர்களும் அமெரிக்கப் பழமைவாதிகளும் சேர்ந்து செய்த வேலை அது. நம் சி.எஸ்.ஐ.யும் அந்த ஆங்கிலிக்கன் குடும்பத்தில்தான் இருக்கிறது. 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது மும்பை கர்தினால் ஆஸ்வால்ட் கிரேசியஸ், திருமணத்தை ஏற்கமாட்டோம், ஆனால் இவர்களைக் குற்றவாளி என்று நாங்கள் சொன்னதே இல்லை என்றார். 2023 ஜனவரியில் போப் பிரான்சிஸும் அது குற்றமல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். சபை மாறவே மாறாது என்கிறவர்களுக்கு இன்னொன்று: பெண்கள் சபையில் பேசாமலிருக்கட்டும் என்ற வசனமும் வேதத்தில்தான் இருக்கிறது. சி.எஸ்.ஐ. பெண்ணைக் குருவாக்கியது, 2013இல் பேராயராகவும் ஆக்கியது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. 2002இல் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது இதே மாடி சபைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். நானும் கூட நின்றேன். என் மனசாட்சி என்னுடையது, அதில் அரசாங்கம் கைவைக்கக்கூடாது என்பதுதான் எங்கள் கோஷம். 2004இல் சட்டம் போனது. ஒருவனைப் பிடித்து வைத்து வலுக்கட்டாயமாக மாற்றுவது தப்பு என்று அன்று கோஷம் போட்டவர்கள், வீட்டுக்குள் ஒரு பையனை உட்கார வைத்து மாற்றும்போது அதே வார்த்தையை ஏன் நினைப்பதில்லை?

இனி உங்கள் சித்தி மகன் விஷயம். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்தும்' முயற்சிகளுக்குத் தடை விதித்தார். இந்த விஷயம் தனக்குப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பு எழுதியவர் அவர். அந்த மாதிரி ஒரு மணிநேரம் நம் பாஸ்டர்கள் உட்கார்ந்தால் போதும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், இந்தச் 'சிகிச்சை' தரும் டாக்டர் தொழில் ஒழுக்கத்தை மீறியவர் ஆவார் என்றது. போலீஸ் இவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று அதே வருடம் மாநிலக் காவலர் நடத்தை விதியும் திருத்தப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் 377 என்ற பிரிவே இல்லை.

ஓட்டை எங்கே என்று கவனித்தீர்களா? டாக்டருக்கு ஆணையம் இருக்கிறது, போலீசுக்கு விதி இருக்கிறது. ஜெபவீட்டுக்கு இரண்டும் இல்லை. ஜெபம் செய்வதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் 22 வயது ஆளை அவன் விருப்பமில்லாமல் பூட்டி வைப்பதும், பட்டினி போடுவதும், அடிப்பதும் ஜெபம் ஆகாது, சாதாரணக் குற்றம். அவன் அங்கே தானாக இருக்கிறானா, இருக்க வைக்கப்பட்டிருக்கிறானா என்பதை முதலில் தனியாகக் கேளுங்கள். போன் அவன் கையில் இருக்கிறதா பாருங்கள். தண்ணீராவது குடிக்கிறானா பாருங்கள். வெளியே வர விரும்பினால் வரலாம், வந்த பிறகு சித்தி காணவில்லை என்று புகார் கொடுத்தாலும், வயதுவந்தவன் தன் விருப்பத்தில் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் போலீஸ் அவனை இழுத்துக்கொண்டு போய் வீட்டில் விட முடியாது. சித்தியிடம் சட்டம் பேசாதீர்கள், கேட்கமாட்டார். பெரிய சபையில் விவரமான ஆயர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அப்படித்தான் செய்வேன். பாஸ்டரை எதிர்த்துப் பேச, வேதத்தைக் கையில் வைத்திருக்கும் இன்னொருவரால்தான் முடியும்.

பர்மா பஜார் பையனைச் சொல்லாமல் விட்டேன். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி மத்தியானம் கடையிலிருந்து போன் செய்தான். எதிர்க்கடை டிவியில் ஓடுகிறதாம். "கேஸு முடிஞ்சிச்சாண்ணா?" என்றான். முடிந்தது என்றேன். கொஞ்ச நேரம் பஜார் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் கேட்டான்: "அப்போ எங்க பாஸ்டருக்கு யாருண்ணா சொல்றது?"